திரை உடைந்த மடிக்கணினியை அப்பாவின் பாட்டுப் பெட்டியாக மாற்ற முடியுமா?

தாமிரபரணி | அம்பாசமுத்திரம் | சனி, மாலை 6.10

வணக்கம். வீட்டில் பத்து வருடப் பழைய மடிக்கணினி ஒன்று கிடக்கிறது. திரை விரிசல் விட்டுக் கறுத்துவிட்டது. மற்றபடி நன்றாக ஓடுகிறது. 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி வன்தட்டு. அப்பாவின் கேசட்டுகளை மூன்று கோடை விடுமுறைகளில் உட்கார்ந்து கணினிக்கு மாற்றினேன். அவற்றோடு தம்பி சேர்த்த எம்பி3 பாடல்களும் சேர்ந்து 6,200 கோப்புகள் அதில் இருக்கின்றன.

அப்பாவுக்கு வயது 79. காருகுறிச்சி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தைச் சிறுவயதில் கோயில் திருவிழாவில் நேரில் கேட்டவர். அருணாசலம் 1964இல் மறைந்தார். அந்த வாசிப்பு அப்பாவுக்கு இன்றும் விடிகாலை ஐந்து மணிக்கு வேண்டும்.

இதுவரை என் செல்பேசியைப் புளூடூத்தில் ஆம்ப்ளிஃபையருடன் இணைத்துப் பாட்டுப் போட்டேன். அழைப்பு வந்தால் ஆலாபனை பாதியில் அறுந்துவிடுகிறது. நான் வேலைக்குக் கிளம்பினால் பாட்டும் நின்றுவிடுகிறது, ஏனென்றால் செல்பேசி என்னோடு வந்துவிடுகிறது. மதியம் முழுவதும் அப்பா பாட்டில்லாமல் இருக்கிறார்.

மடிக்கணினியை ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் அலமாரியில் மூடி வைத்துவிட வேண்டும். திரை வேண்டாம், மவுஸ் வேண்டாம். என் செல்பேசியிலிருந்தோ அம்மாவின் செல்பேசியிலிருந்தோ பாட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். முடியுமா?

கரிசல்மண் | கோவில்பட்டி | சனி, இரவு 8.45

முடியும் அக்கா. நான் ஆறு வருடமாக இப்படித்தான் கேட்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இணையத்தில் தேடினால் இரண்டு வகை மென்பொருள்கள் கலந்து வரும். ஜெல்லிஃபின், நாவிட்ரோம் போன்றவை வீட்டுக் கணினியிலிருக்கும் பாடலைச் செல்பேசிக்கு அனுப்புபவை; ஒலி வருவது செல்பேசியில். உங்களுக்கு அது உதவாது. உங்களுக்கு வேண்டியது, கணினியே பாட வேண்டும், செல்பேசி வெறும் ரிமோட்டாக இருக்க வேண்டும். பாட்டைத் தொடங்கிவிட்டுச் செல்பேசியை அணைத்தாலும், பையில் போட்டுக்கொண்டு வெளியூர் போனாலும் வீட்டில் பாட்டு நிற்கக் கூடாது.

அதற்காகவே 2003இலிருந்து இருக்கிறது எம்பிடி. மியூசிக் பிளேயர் டீமன் என்பதன் சுருக்கம். அதற்கென்று முகமே கிடையாது. பின்னணியில் ஓடிக்கொண்டு, 6600 என்ற போர்ட்டில் கட்டளைக்காகக் காத்திருக்கும். ஆண்ட்ராய்டில் எம்.ஏ.எல்.பி. என்ற இலவசச் செயலி, ஐபோனில் ரிஜிலியன் போன்றவை அதோடு பேசும். எத்தனை செல்பேசிகள் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் இணையலாம். அம்மா மாற்றிய பாட்டு உங்கள் திரையிலும் உடனே தெரியும்.

செய்முறை இது. மடிக்கணினியை ஒரே ஒரு முறை எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியில் இணையுங்கள். பாடல்களை வெளி வன்தட்டில் நகலெடுத்துக்கொண்டு, டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுங்கள். எந்த மென்பொருள்கள் வேண்டும் என்று நிறுவி கேட்கும் இடத்தில் டெஸ்க்டாப் என்பதன் குறியை எடுத்துவிட்டு, எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் மறக்காமல் தேர்ந்தெடுங்கள். அது இருந்தால் அதன்பிறகு எல்லா வேலையையும் வேறொரு கணினியிலிருந்து, ஏன் செல்பேசியிலிருந்தே, தட்டச்சு செய்து முடிக்கலாம்.

மூடியை மூடினால் மடிக்கணினி உறங்கப் போய்விடும். டெபியனை உள்ளிருந்து நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்புக் கோப்பில் மூடி பற்றிய வரி ஒன்று இருக்கிறது. அதை இக்னோர் என்று மாற்றி, மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு எம்பிடியையும் எம்பிசியையும் நிறுவுங்கள். எம்பிசி என்பது கட்டளை வரியிலிருந்து எம்பிடிக்கு ஆணையிடும் சிறு கருவி. இப்போது தேவைப்படாவிட்டாலும் பின்னால் கை கொடுக்கும்.

பாடல்கள் அந்தக் கணினியின் வன்தட்டிலேயே இருப்பதால் வைஃபை வழியே போவது கட்டளை மட்டும்தான். அலமாரிப் பக்கம் சிக்னல் குறைவாக இருந்தாலும் பாட்டு விக்காது.

ரீங்காரம் | சென்னை | சனி, இரவு 10.20

கரிசல்மண் அண்ணா சொல்வது சரி. ஆனால் இவ்வளவு சிரமம் எதற்கு? ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியை வாங்கி, பாட்டுக்கென்றே அமைந்த வொலூமியோ அல்லது மூட் ஆடியோ மென்பொருளை மெமரி கார்டில் எழுதிச் செருகினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். செல்பேசியின் உலாவியிலேயே அழகான பக்கம் வரும். உள்ளே ஓடுவதும் அதே எம்பிடிதான்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். என் பழைய மேசைக் கணினியை அளவியில் வைத்தபோது சும்மா இருக்கும்போதே 50 வாட் காட்டியது. நாள் முழுவதும் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியைப் பாட்டுப் பெட்டி ஒன்றே தின்றுவிடும். பை 4 சும்மா இருக்கும்போது மூன்று நான்கு வாட் அளவில்தான் எடுக்கும்.

கரிசல்மண் | கோவில்பட்டி | ஞாயிறு, காலை 7.05

மேசைக் கணினிக்கு அந்தக் கணக்கு பொருந்தும் தம்பி. மடிக்கணினிக்குப் பொருந்தாது. என்னுடையது திரை அணைந்த நிலையில் 9 வாட் எடுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 13 யூனிட். கையில் இருக்கும் பொருளைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று. பை 4இன் 3.5 மி.மீ. துளையில் வரும் ஒலி, டிஜிட்டல் தரவை ஒலி அலையாக மாற்றும் தனி டிஏசி சில்லு இல்லாமல் துடிப்பு அகலத்தை மாற்றி உருவாக்கப்படுவது. 2023இல் வந்த பை 5இல் அந்தத் துளையே இல்லை. நல்ல ஒலி வேண்டுமென்றால் தனியாக ஒரு டிஏசி வாங்கியாக வேண்டும். அதையும் மின்சாரம் கொடுக்கும் கருவியையும் பெட்டியையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும்.

மடிக்கணினியில் மின்கலம் உள்ளேயே இருக்கிறது. நம் பக்கத்து மின்தடைகளுக்கு அது பெரிய பாதுகாப்பு. அக்கா, ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள்: மின்கலம் உப்பியிருந்தால் யோசிக்காமல் கழற்றிவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், 80 சதவீதத்தோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி உங்கள் மாதிரியில் உண்டா என்று பாருங்கள். எப்போதும் முழுதாக ஏறிய நிலையில் இருப்பதுதான் மின்கலத்தைக் கெடுக்கிறது.

தாமிரபரணி | அம்பாசமுத்திரம் | ஞாயிறு, மாலை 4.30

மின்கலம் நன்றாக இருக்கிறது. டெபியன் ஏறிவிட்டது, மூடி மூடினாலும் ஓடுகிறது. எம்பிடியும் நிறுவிவிட்டேன். ஆனால் செல்பேசிச் செயலியில் கணினியின் ஐபி முகவரியைக் கொடுத்தால் இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது. கணினிக்குள்ளிருந்து எம்பிசி மட்டும் பேசுகிறது. பாட்டுப் போட்டால் நேரம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை.

கரிசல்மண் | கோவில்பட்டி | ஞாயிறு, மாலை 5.50

இரண்டும் எல்லோருக்கும் வருவதுதான் அக்கா.

முதலாவது: எம்பிடியின் அமைப்புக் கோப்பில் பைண்ட் டு அட்ரஸ் என்ற வரியில் லோக்கல்ஹோஸ்ட் என்றிருக்கும். தன் கணினிக்குள்ளிருந்து வரும் குரலை மட்டும் கேட்பேன் என்று பொருள். அதை எனி என்று மாற்றி எம்பிடியை மறுதொடக்கம் செய்யுங்கள். கூடவே ரௌட்டரில் இந்தக் கணினிக்கு ஒரே ஐபி முகவரியை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மின்தடைக்குப் பிறகு முகவரி மாறி, அம்மாவின் செல்பேசி வீட்டில் கணினியே இல்லை என்று சொல்லும்.

எச்சரிக்கை ஒன்று. 6600ஐ ரௌட்டரில் வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். எம்பிடியில் கடவுச்சொல் வைக்கலாம், ஆனால் அது மறையாக்கம் இல்லாமல் வெறுமனே போகும். வீட்டுக்குள் மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது: சத்தம். லினக்ஸில் ஒலியைக் கையாளும் ஆல்சாவுக்கு எச்டிஎம்ஐயும் ஒரு சவுண்ட் கார்டு, ஹெட்போன் துளையும் ஒரு சவுண்ட் கார்டு. பல மடிக்கணினிகளில் எச்டிஎம்ஐ முதலில் வந்து நிற்கும். பாட்டு அங்கே, இல்லாத தொலைக்காட்சிக்குள் போய்க்கொண்டிருக்கும். ஏபிளே கட்டளையில் பட்டியலைப் பார்த்து, ஹெட்போன் இருக்கும் கார்டின் பெயரை எம்பிடியின் ஆடியோ அவுட்புட் பகுதியில் எழுதுங்கள். எண்ணை எழுதாதீர்கள். எண் அடுத்த முறை கணினி தொடங்கும்போது மாறலாம், பெயர் மாறாது.

பிறகு ஆல்சாமிக்சரைத் திறந்து பாருங்கள். பட்டைகளின் கீழே இரண்டு எம் எழுத்துகள் தெரிந்தால் அது வாயடைக்கப்பட்டிருக்கிறது. எம் விசையை அழுத்தித் திறந்துவிட்டு, ஆல்சாகன்ட்ரோல் கட்டளையில் சேமியுங்கள்.

தாமிரபரணி | அம்பாசமுத்திரம் | ஞாயிறு, இரவு 9.15

வந்துவிட்டது! இரண்டு எம்களும் இருந்தன. அப்பா அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

இப்போது மூன்று தொல்லைகள். கேசட் கோப்புறை பட்டியலிலேயே வரவில்லை, தம்பியின் எம்பி3கள் மட்டும் வருகின்றன. அந்த எம்பி3களிலும் பல பாடல்களின் பெயர்கள் தமிழாக இல்லாமல், புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிகின்றன. மூன்றாவதாக, ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல். பாட்டு இல்லாதபோதும் "உம்ம்" என்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பழைய வானொலி | மதுரை | திங்கள், காலை 6.30

அம்மா, இரைச்சலுக்கு நான் சொல்கிறேன். நாற்பது வருடம் ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பழுது பார்த்தவன்.

பாட்டு ஓடும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்துப் பாருங்கள். மின்கலத்தில் ஓடும்போது இரைச்சல் நின்றால் அது எர்த் சுற்று. மடிக்கணினி ஒரு வழியாகவும் ஆம்ப்ளிஃபையர் வேறு வழியாகவும் எர்த்தைத் தொடுகின்றன. இரண்டையும் பாட்டுக் கம்பி இணைத்துவிடுவதால் ஒரு வளையம் உருவாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல் ஏறுகிறது.

முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். பாதி வீடுகளில் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால், பாட்டுக் கம்பியின் நடுவே மாட்டும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கடைகளில் கிடைக்கும். கார் ஸ்டீரியோ விற்கும் கடையில் கேளுங்கள். ஒலி மட்டும் கடக்கும், எர்த் கடக்காது.

ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும். கூடவே ஆம்ப்ளிஃபையரின் இரும்புப் பெட்டிக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடும். வயதானவர் கை வைக்கும் பெட்டி அது. அப்படி முள் உடைத்த பிளக்குகளைக் கடையில் பார்த்தபோதெல்லாம் மாற்றிக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன்.

கரிசல்மண் | கோவில்பட்டி | திங்கள், காலை 8.00

ஐயா சொன்னதை அப்படியே செய்யுங்கள்.

கேசட் கோப்புறை வராததற்குக் காரணம் அனுமதி. எம்பிடி தன் பெயரிலேயே ஒரு பயனராக ஓடுகிறது. உங்கள் சொந்தக் கோப்புறைக்குள் பாட்டு இருந்தால் அதனால் நுழைய முடியாது. பாட்டுக்கு அனுமதி கொடுத்தும் மேலே இருக்கும் ஒரு கோப்புறை பூட்டியிருந்தால் போதும், வழி அடைபட்டுவிடும். எல்லாப் பாடல்களையும் பொதுவான இடத்துக்கு நகர்த்தி, எல்லோரும் படிக்கலாம் என்று அனுமதி கொடுத்து, எம்பிசி அப்டேட் கொடுங்கள்.

பனைநிலா | யாழ்ப்பாணம் | திங்கள், இரவு 9.40

எழுத்துச் சிக்கலில் நான் நிறைய நாட்களைச் செலவிட்டிருக்கிறேன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அது எல்லோர் கணினிக்கும் வந்து சேரும்வரை நாம் டிஸ்கி, டாப், டாம் என்று பல எழுத்துருக் குறியீடுகளில் எழுதிக்கொண்டிருந்தோம். அந்தக் காலத்தில் பெயரிடப்பட்ட எம்பி3களில் இருப்பது தமிழ் எழுத்துகளே அல்ல. ஐரோப்பிய எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்த எழுத்துரு மட்டுமே. அந்த எழுத்துரு இல்லாத செல்பேசியில் புள்ளி வைத்த எழுத்துகள்தான் தெரியும். இவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எந்தக் குறியீடு என்று தெரிந்தால் மாற்றிகள் ஒரே நொடியில் செய்துவிடும். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. பெயர் சரியான தமிழில் தொடங்கிப் பத்தாவது எழுத்துக்குள் அறுந்து நிற்கும். அது ஐடி3இன், அதாவது எம்பி3க்குள் பாடல் விவரங்களை எழுதும் முறையின், முதல் பதிப்பு. அதில் தலைப்புக்கு 30 பைட்டுகள்தான். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. மெய்ப்புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் கணக்கு என்பதால் பத்துக் குறிகளில் இடம் தீர்ந்துவிடும். 'தாமிரபரணி' என்ற ஒரு சொல்லுக்கே ஒன்பது குறிகள் வேண்டும். இரண்டாம் பதிப்புக்கு மாற்றி முழுப் பெயரையும் எழுதினால்தான் தீரும்.

கருவிக்கு கிட்3 நல்லது. கோப்பின் பெயரிலிருந்தே குறிப்புகளை நிரப்பும், நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே தடவையில் மாற்றும். மியூசிக்பிரெயின்ஸ் பிகார்டு வெளியான இசைத்தட்டுகளை அடையாளம் காணும், ஆனால் வீட்டில் மாற்றிய கேசட்டை அதற்குத் தெரியாது.

எப்படி எழுதுவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. மேலைநாட்டு வழக்கத்தில் பாடகர், ஆல்பம் என்று அடுக்குகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித் தேடுவதில்லை. திரைப்பாட்டென்றால் இசையமைப்பாளரையும் படத்தையும் கேட்பார்கள். நாகசுரம் என்றால் வாசித்தவரையும் இராகத்தையும் கேட்பார்கள். நான் இசையமைப்பாளரை கம்போசர் என்ற இடத்திலும், இராகத்தை ஜானர் என்ற இடத்திலும் எழுதுகிறேன். செயலியில் அந்த வரிசைப்படி பார்க்கலாம். தோடி என்று தட்டினால் வீட்டிலிருக்கும் தோடி எல்லாம் வந்து நிற்கும். சிலர் இராகத்தைக் குறிப்புரை என்ற இடத்தில் எழுதுகிறார்கள். எம்பிடி அதை வழக்கமாகப் படிப்பதில்லை. தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.

தாமிரபரணி | அம்பாசமுத்திரம் | வியாழன், இரவு 8.50

மூன்று நாட்கள் எழுதவில்லை, மன்னிக்கவும். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றியதும் இரைச்சல் காதுக்கு எட்டாத அளவு குறைந்துவிட்டது. ஐயாவுக்கு நன்றி. கேசட் கோப்புறையும் வந்துவிட்டது. பெயர்களை இராகப்படி எழுதத் தொடங்கியிருக்கிறேன். முடிக்க மாதக்கணக்கில் ஆகும், ஆனாலும் செய்வேன்.

இன்னும் ஒன்று நெஞ்சை அழுத்துகிறது. அப்பாவால் செல்பேசியைப் பயன்படுத்த முடியவில்லை. கண்புரை அறுவைக்குப் பிறகும் சிறிய எழுத்து தெரியவில்லை. விரல் நுனி காய்ந்து தழும்பேறியிருப்பதால் தொடுதிரை சில நேரம் அவர் தொடுவதை உணர்வதே இல்லை. நான் பக்கத்தில் இல்லாதபோது மறுபடியும் பாட்டில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகத்தான் இவ்வளவும் செய்தேன்.

ரீங்காரம் | சென்னை | வியாழன், இரவு 10.05

அக்கா, யூஎஸ்பி எண் பலகை ஒன்று வாங்குங்கள். கணக்கு எழுதுபவர்கள் மடிக்கணினியோடு வைத்துக்கொள்வார்களே, எண்கள் மட்டும் இருக்கும் சிறிய விசைப்பலகை, அதுதான். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். நீளமான யூஎஸ்பி கம்பியில் இணைத்து அப்பாவின் நாற்காலிப் பக்கத்தில் வையுங்கள்.

டெபியனில் டிரிகர்ஹேப்பி என்ற சிறிய மென்பொருள் இருக்கிறது. திரை இல்லாவிட்டாலும், யாரும் உள்நுழையாவிட்டாலும் விசைகளைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அதன் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் விசையின் பெயர், அழுத்தியதைக் குறிக்கும் 1 என்ற எண், ஓட வேண்டிய கட்டளை என்று மூன்றே பகுதிகள். கட்டளையாக எம்பிசியைக் கொடுக்க வேண்டியதுதான். 1ஐ அழுத்தினால் பழைய வரிசையை அழித்து, நாகசுரப் பட்டியலை ஏற்றி, பாடத் தொடங்கும். 2க்கு வேறொரு பட்டியல். சுழி நிறுத்தவும் தொடரவும். கூட்டல், கழித்தல் விசைகள் ஒலி அளவுக்கு. அந்த இரண்டு விசைகளுக்கும் 2 என்ற எண்ணோடு இன்னொரு வரியும் சேருங்கள். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒலி ஏறும்.

நம்லாக் விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் டிரிகர்ஹேப்பிக்கு வேறுபாடு இல்லை. அப்பா தவறுதலாக அதை அழுத்திவிட்டாலும் எதுவும் கெடாது.

பழைய வானொலி | மதுரை | வெள்ளி, காலை 6.15

நல்ல யோசனை தம்பி. ஐந்தாம் எண்ணில் சிறு மேடு இருக்கும். இல்லாவிட்டால் ஒரு சொட்டுப் பிசின் வைத்து உலர விடுங்கள். பழைய ரேடியோக்களில் குமிழைத் தடவியே நிலையத்தைப் பிடிப்பார்கள். அவர் கையும் அப்படிப் பழகியதுதான்.

தாமிரபரணி | அம்பாசமுத்திரம் | ஞாயிறு, மாலை 6.40

எண் பலகை நேற்று வந்தது. இரவே இணைத்துவிட்டேன். எழுத்தர் வேலையில் அப்பா கணக்கு இயந்திரத்தில் முப்பது வருடம் விரல் வைத்தவர் என்பது எனக்கு அதுவரை நினைவுக்கே வரவில்லை. பலகையைப் பார்க்காமலேயே அழுத்துகிறார்.

நேற்று மின்தடையில் ஒன்றைக் கவனித்தேன். ஆம்ப்ளிஃபையர் அணைந்துவிடுகிறது, மடிக்கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. மின்சாரம் வரும்போது கல்யாணி முடிந்து வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

கரிசல்மண் | கோவில்பட்டி | ஞாயிறு, இரவு 7.30

அதற்கும் வழி இருக்கிறது அக்கா. லினக்ஸில் கருவிகளின் நிலை மாறும்போது கட்டளையை ஓட்டும் யூடெவ் என்ற பகுதி இருக்கிறது; அதன் விதியில் இரண்டு வரிகள் எழுதினால் போதும்: சார்ஜருக்கு வரும் மின்சாரம் நின்றால் எம்பிசி பாஸ், வந்தால் எம்பிசி பிளே. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். மின்சாரம் வந்ததும் விட்ட சுரத்திலிருந்து தொடரும். மின்கலம் முழுதாகத் தீர்ந்து கணினி அணைந்துவிட்டால்கூட எம்பிடி இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை தன் நிலையைக் கோப்பில் எழுதிவைப்பதால் ஏறக்குறைய அதே இடத்தில் எழும்.

கேசட் கோப்புகளை வெளி வன்தட்டில் வைத்திருக்கிறீர்களே, அதை அழிக்காதீர்கள். இசைத்தட்டை மறுபடி வாங்கலாம், அந்தக் கேசட்டுகளை வாங்க முடியாது.

தாமிரபரணி | அம்பாசமுத்திரம் | புதன், காலை 6.20

யூடெவ் விதி வேலை செய்கிறது. நேற்று இரவு வேறொரு வேலையும் முடித்தேன். அப்பாவின் கேசட்டில் தோடி ஆலாபனை முதல் பக்கத்தில் பாதியும் மறுபக்கத்தில் மீதியுமாக இருந்தது. நான் இரண்டு கோப்புகளாக மாற்றியிருந்தேன். ஆடாசிட்டியில் இரண்டையும் ஒட்டி, நடுவிலிருந்த நாடாச் சத்தத்தை வெட்டி, தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகச் சேமித்து, ஒன்றாம் எண்ணில் வைத்தேன்.

இன்று ஐந்து மணிக்கு நான் எழுவதற்கு முன்பே வீட்டில் நாகசுரம் கேட்டது. கேசட்டைத் திருப்புகிற இடம் வந்தபோது அப்பாவின் கை தானாக முன்னால் நீண்டது. வாசிப்பு நிற்காமல் போனது. என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதாம் எண் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அதில் எதை வைக்க வேண்டும் என்று அவரையே யோசிக்கச் சொல்லியிருக்கிறேன்.